குமுளிக் கடை மேசையில் ஒரு பழைய மடிக்கணினி: பத்தாண்டு தாண்டிய பயன்பாட்டு அனுபவம்

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் குமுளியில் ஏலக்காய் வாங்கி விற்கும் சிறிய கடை ஒன்றின் கணக்குகள் முழுவதையும் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஒரே மடிக்கணினியில்தான் பார்த்து வருகிறேன். அலுவலகப் பயன்பாட்டுக்கென்று பெரிய நிறுவனம் ஒன்று தயாரித்தது. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 செயலி, 14 அங்குலத் திரை, கழற்றி மாட்டக்கூடிய பேட்டரி. வாங்கும்போது 4 ஜிபி ரேமும் சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தன. பிறகு ரேமை 8 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. பொருத்தினேன். இந்த இரண்டு மாற்றங்களுக்குப் பின் வேகம் குறைவு என்று நான் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை.

வேலையும் பெரிதல்ல. கொள்முதல் சீட்டு, தோட்டக்காரர்களுக்குத் தர வேண்டிய பாக்கி, புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் மின்னணு ஏலங்களின் விலை, ஜி.எஸ்.டி. கணக்கு, கம்பம் பக்கம் இறங்கும் சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் ஆகியவைதான் அன்றாடம். 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயம் என்பதால், ஒரு மூட்டை ஏலக்காய் எல்லை தாண்டினாலே இந்தக் கணினி திறந்தாக வேண்டும்.

மழைக்காலத்து ஈரத்தையும் அடிக்கடி போய் வரும் மின்சாரத்தையும் அது நன்றாகவே தாங்கியிருக்கிறது. விசைப்பலகை இன்னும் பழையதுதான்; தமிழ்99 முறையில் தட்டச்சு செய்வதால் புள்ளி வைக்கும் எஃப் விசையிலும் ககரம் வரும் எச் விசையிலும் எழுத்து அழிந்து வழவழப்பாகிவிட்டது. உண்மையான எதிரி தூசி. கடையில் காயைச் சல்லடையில் தரம் பிரிக்கும்போது, காயின் நுனியில் ஒட்டியிருக்கும் காய்ந்த பூவின் எச்சம் உதிர்ந்து பறக்கும். அது மின்விசிறியின் பின்னால் இருக்கும் மெல்லிய செப்புத் தகடுகளுக்கிடையே போய்ப் பஞ்சுபோல அடைத்துக்கொள்ளும். ஆண்டுக்கொரு முறை கம்பத்தில் கொடுத்துச் சுத்தம் செய்து, செயலியின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிக்கொள்கிறேன். “மத்தவங்க மிஷினைத் திறந்தா கரப்பான் பூச்சிதான்ணே வரும், உங்களுது ஏலக்காய் டீ மாதிரி மணக்குது” என்பார் பழுது பார்க்கும் தம்பி.

குறை என்று சொன்னால் பேட்டரிதான். முதல் பேட்டரி தளர்ந்த பிறகு அதே நிறுவனத்தின் பேட்டரி எங்கும் கிடைக்கவில்லை. வேறு தயாரிப்பு ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். கணினி திறக்கும்போதே கறுப்புத் திரையில், இந்த பேட்டரி ஏற்கத்தக்கதல்ல, சார்ஜ் ஏறாது என்ற அறிவிப்பு வந்து நின்றது. பேட்டரி கெட்டுப்போயிருக்கவில்லை. மதர்போர்டில் எழுதப்பட்டிருக்கும் நிரல், தன் நிறுவனத்தின் அடையாளம் இல்லாத எதையும் ஏற்க மறுக்கிறது. காய் உலர்த்தும் ஸ்டோரைக் கட்டிக்கொடுத்த மேஸ்திரி, தான் விற்கும் விறகைத் தவிர வேறெதுவும் அடுப்பில் எரியாதபடி செய்துவிட்டுப் போனால் எந்தத் தோட்டக்காரர் சும்மா இருப்பார்? பாதுகாப்புக்காகத்தான் என்று நிறுவனங்கள் இதற்கு விளக்கம் சொல்கின்றன. மட்டமான பேட்டரிகள் வீங்குவதும் தீப்பிடிப்பதும் உண்மையே. ஆனால் தன் பேட்டரியைத் தயாரிப்பதை நிறுத்திவிட்ட நிறுவனம் அதன் பிறகும் பூட்டைத் திறந்துவிடாமல் இருப்பதற்கு அந்த விளக்கம் போதாது. இப்போது என் கணினி யு.பி.எஸ்.ஸின் துணையில் மேசையை விட்டு நகராமல் வேலை செய்கிறது.

ஒரு கணினி பழையதாகிவிட்டது என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வி எனக்கு அங்கேதான் தொடங்கியது. விண்டோஸ் விஷயத்தில் அது இன்னும் பெரிதாயிற்று. 2015 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவர் மாநாட்டு மேடையில் விண்டோஸ் 10-ஐக் கடைசி விண்டோஸ் என்றே குறிப்பிட்டிருந்தார். ஆறாண்டுகளில், 2021 அக்டோபர் 5 அன்று, விண்டோஸ் 11 வந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017-இல் அறிமுகமான எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிந்தையதோ இருந்தால்தான் அதற்கு அதிகாரபூர்வ அனுமதி. என்னிடம் இருப்பது டி.பி.எம். 1.2. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதன் பிறகு ஓராண்டுக்கு, நிபந்தனைகளோடு, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. புதிய சில் மறைகுறியீட்டுச் சாவிகளை நன்றாகக் காக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இ-வே பில் போடுவதற்கு எந்தத் தடையும் இல்லாத செயலிகள் ஒரு தேதிக் கோட்டால் ஒட்டுமொத்தமாக ஓரங்கட்டப்படும்போது, அந்தக் கோட்டினால் புதுக் கணினி விற்பனைக்கு என்ன லாபம் என்றும் கேட்கத் தோன்றுகிறது.

நான் விண்டோஸை விட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மிண்ட் என்ற இயங்குதளத்துக்கு மாறினேன். உலாவி, விரிதாள், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், தமிழ்99 எல்லாம் சிரமமின்றி அமைந்துவிட்டன. வண்டிப்பெரியாறு பக்கம் தமிழ்வழியில் படிக்கும் அக்கா மகள் வந்து பார்த்துவிட்டு, “இது எங்க ஸ்கூல் கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கே மாமா” என்றாள். கேரள அரசுப் பள்ளிகளில், கல்வித் தொழில்நுட்பத்தைக் கவனிக்கும் ‘கைட்’ அமைப்பு தரும் லினக்ஸ்தான் நெடுநாளாகப் பாடம். இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கப்பட்டதும் திருவனந்தபுரத்தில்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினியையே கொடுத்தது; இந்தப் பக்கம் கேரளம் உரிமக் கட்டணமில்லாத மென்பொருளைக் கொடுத்தது. இரண்டு ஏற்பாடுகளின் பலனும் கிடைத்த குடும்பங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் உண்டு.

இதனால் பணக்காரர்களின் பிடியிலிருந்து தப்பிவிட்டேன் என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. லினக்ஸ் மிண்ட், உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டப்பட்டது. அந்த உபுண்டு 2004-இல் வெளிவந்தது மார்க் ஷட்டில்வொர்த் என்ற செல்வந்தரின் பணத்தில். தன் நிறுவனத்தை 1999-இல் வெரிசைன் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு ஏறக்குறைய 57.5 கோடி டாலருக்கு விற்றவர் அவர். வேறுபாடு என்னவென்றால், அவர் நாளை மனம் மாறினாலும் வெளியிட்டுவிட்ட நிரலை யாரிடமிருந்தும் திரும்பப் பெற முடியாது.

கடைக்கு இரண்டாவதாகப் புதுக் கணினி ஒன்று வாங்கலாம் என்று தேனியில் விசாரித்தபோது, ரேம் விலையைச் சொன்ன கடைக்காரர், “இது இன்னைக்கு ரேட்டு, நாளைக்குக் கேட்டா மாறும்ணே” என்றார். ஏலக்காய்க்காரனிடமே அந்த வசனம்! காரணம் தொலைவில் இருக்கிறது. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் பதவியேற்பில் மஸ்க், அமேசானின் பெசோஸ், ஃபேஸ்புக்கின் சக்கர்பெர்க், கூகுளின் பிச்சை எல்லோரும் முன்னால் நின்றார்கள். மறுநாளே ஓபன்ஏஐயின் ஆல்ட்மன், ஆரக்கிளின் எலிசன், சாஃப்ட்பேங்க்கின் மசயோஷி சன் மூவரும் அதே அதிபரின் பக்கத்தில் நின்று, செயற்கை நுண்ணறிவுக்கான 50,000 கோடி டாலர் தரவு மையத் திட்டத்தை அறிவித்தார்கள். பிச்சை மதுரையில் பிறந்தவர் என்பதில் நமக்குப் பெருமை வரத்தான் செய்கிறது. அதனால் ரேம் விலை குறையவில்லை. ரேமில் இருக்கும் டி-ரேம் நினைவகச் சில்லுகளில் உலகின் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுச் சர்வர்களுக்கான உயர்ரக நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பியது. 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு ரேம் விற்கும் தன் ‘குரூசியல்’ வணிகத்தையே மூடப்போவதாக அறிவித்தது. எங்கள் ஏலத்தில் எத்தனை கிலோ வந்தது, எவ்வளவு விற்றது, உச்ச விலை என்ன, சராசரி என்ன என்பதெல்லாம் அன்றன்றே வெளியாகிவிடும். இந்த நினைவகப் பேரங்களில் எவ்வளவு சரக்கு யாருக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது சிறு வாங்குவோருக்குத் தெரிவதே இல்லை. விலையேற்றம் மட்டும்தான் தேனி வரை வந்து சேர்கிறது.

அதே கடையில் ‘ஏஐ லேப்டாப்’ என்று ஒன்றைக் காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிவித்த கோபைலட் பிளஸ் வகைக்கு, நொடிக்கு 40 லட்சம் கோடிச் செயல்கள் செய்யும் தனிச் சில் வேண்டுமாம். அந்த வகைக்கென அறிவித்த ‘ரீகால்’ வசதி, திரையில் தெரிவதை அவ்வப்போது படமெடுத்துச் சேமிப்பது. எதிர்ப்பு எழுந்ததால் தள்ளிவைக்கப்பட்டு, 2025 ஏப்ரலில்தான் பரவலாக வெளியானது. தோட்டக்காரர்களின் பாக்கிக் கணக்கு திரையில் இருக்கும் கடையில் அப்படி ஒரு வசதிக்கு என்ன வேலை என்று கேட்டேன். “வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாம்ணே” என்றார். வேண்டாததற்குக் காசும் கொடுத்து அதை அணைத்தும் வைக்க வேண்டுமா என்று வாங்காமலே திரும்பிவிட்டேன்.

என் வழி எல்லோருக்கும் சரிப்படும் என்று சொல்ல மாட்டேன். டேலி என்ற கணக்கு மென்பொருளைத் தன் மேசையிலேயே ஓட்ட வேண்டியவருக்கு லினக்ஸ் தொல்லைதான். நான் விரிதாளாக அனுப்பிவிட, கம்பத்து ஆடிட்டர் தன் கணினியில் ஏற்றிக்கொள்கிறார். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு இந்தச் செயலி போதாது. திரையின் இடப்பக்கக் கீல் இப்போது தளர்ந்துவிட்டது. உடைந்த பழைய மடிக்கணினிகள் வந்தால் அதிலிருந்து ஒரு கீலைக் கழற்றி எடுத்து வைக்கும்படி கம்பத்துத் தம்பியிடம் சொல்லி, முன்பணமும் கொடுத்திருக்கிறேன்.