ஒற்றைக் கோடு எதைச் சொல்லும்? ஓராகுவிக் கிட்டும் கிளந்தான் லேன் சோதனையும்

ஈறில் தேய்த்துப் பார்க்கும் ஓராகுவிக் எச்ஐவி சுயசோதனைக் கிட் 2022 ஆகஸ்டில் சிங்கப்பூரில் கிடைக்கத் தொடங்கியது. ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, ஆள் தெரியாமல் வீட்டிலேயே முடித்துக்கொள்ளலாம். காசு வாங்கிக்கொண்டு ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறோம். அந்தத் தொழிலில் இருப்பவருக்கு இந்தக் கிட் எவ்வளவு தூரம் கைகொடுக்கும், எங்கே கைவிடும், கிளந்தான் லேனில் பெயர் சொல்லாமல் செய்துகொள்ளும் ரத்தச் சோதனை அதைவிட மேலா என்று பார்த்துவிடலாம்.

முதலில் கருவி. பெட்டிக்குள் இரண்டு அறை கொண்ட ஒரு பை இருக்கும். ஓர் அறையில் திரவம் உள்ள குட்டிக் குழாய், இன்னொன்றில் நுனியில் தட்டையான பஞ்சு வைத்த குச்சி. முதலில் குழாயின் மூடியைத் திறந்து, சிந்தாமல் தாங்கியில் நிறுத்திவிட வேண்டும். குச்சியைக் கையில் எடுத்த பிறகு மூடியோடு போராடினால் பஞ்சு எங்காவது பட்டுவிடும். பஞ்சைத் தொடாமல் மேல் ஈறு முழுக்க ஒரு முறை, கீழ் ஈறு முழுக்க ஒரு முறை அழுத்தி இழுக்க வேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் தேய்ப்பவர்கள் உண்டு, அது வேலைக்காகாது. பல்லும் ஈறும் சேரும் இடத்தில்தான் தேய்க்க வேண்டும். பிறகு குச்சியைக் குழாயில் இறக்கிவிட்டு 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். 20-க்கும் 40-க்கும் இடையில் படிக்க வேண்டும். 40 தாண்டிப் படித்தால் அந்த முடிவை நம்ப முடியாது.

‘சி’ பக்கத்தில் மட்டும் கோடு விழுந்தால் ‘இல்லை’. ‘சி’, ‘டி’ இரண்டிலும் விழுந்தால் தொற்று இருக்கலாம். ‘டி’ கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான். ‘சி’ கோடே இல்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது, வேறு கிட் வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். டோர்மில், அதாவது தொழிலாளர் தங்கும் விடுதியில், பத்துப் பேர் இருக்கும் அறையில் இதைச் செய்ய முடியாது என்று கழிவறைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் செய்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் மங்கல் கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். டியூப் லைட்டுக்குக் கீழே, வெள்ளைத் தாளைப் பின்னால் வைத்துப் பாருங்கள். சாப்பிட்டு, குடித்து 15 நிமிடமாவது ஆகியிருக்க வேண்டும். பல் துலக்கியிருந்தால், வாய் கொப்பளிக்கும் மருந்து போட்டிருந்தால் 30 நிமிடம். பெட்டியை 2 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலில் லாரியிலோ, மின்விசிறி மட்டும் ஓடும் அறையின் லாக்கரிலோ வாரக்கணக்கில் கிடக்கவிடக் கூடாது. வாங்கினால் அன்றே பயன்படுத்திவிடுவது நல்லது.

எவ்வளவு நம்பலாம்? அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்டிஏ 2012-ல் இதை வீட்டுச் சோதனையாக அனுமதித்தபோது சொன்ன கணக்கு இது: தொற்று உள்ளவர்களில் ஏறக்குறைய 12 பேருக்கு ஒருவரை இது தவறவிடலாம். தொற்று இல்லாதவரை ‘இருக்கிறது’ என்று சொல்வது ஏறக்குறைய 5,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான். ஆகவே இரட்டைக் கோடு வந்தால் பெரும்பாலும் மெய், ஆனாலும் ரத்தச் சோதனையில் உறுதிசெய்த பிறகே முடிவு. ஒற்றைக் கோடுதான் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஏனென்றால் இந்தக் கிட் எச்ஐவி கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியைத் தேடுகிறது. அது வாய்நீரில் தெரியும் அளவுக்கு வர 3 மாதம் வரை ஆகலாம். எப்போதோ ஒரு தடவை தவறியவர் 3 மாதம் கழித்துச் செய்து பார்த்து நிம்மதி அடையலாம். வெள்ளி, சனி என்று வாரா வாரம் வாடிக்கையாளரைப் பார்ப்பவருக்கு அந்த 3 மாதம் என்றைக்குமே முடிவதில்லை. இன்று விழும் ஒற்றைக் கோடு மூன்று மாதத்துக்கு முந்தைய உங்களைப் பற்றிய செய்தி. போன வார வாடிக்கையாளரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதைக் காட்டி ‘நான் சுத்தம்’ என்று ஆணுறை இல்லாமல் போவது பெரிய ஆபத்து.

‘நான் மேலே இருப்பவன், நுழைப்பவன்தான், எனக்கு ஒன்றும் வராது’ என்ற பேச்சும் உண்டு. தொற்று உள்ள, சிகிச்சை எடுக்காத ஒருவருடன் உறை இல்லாமல் ஆசனவாய் உறவு கொண்டால், உள்ளே வாங்குபவருக்கு 10,000 உறவுக்கு 138 முறை, நுழைப்பவருக்கு 10,000-க்கு 11 முறை தொற்று வரும் என்று மதிப்பிடுகிறார்கள். 11 என்பது பூஜ்யம் இல்லை. சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் புண் இருந்தால் அது ஏறவும் செய்யும்.

ஆகவே வீட்டுக் கிட்டா, கிளந்தான் லேன் சோதனையா என்றால், கிளந்தான் லேனுக்கே எங்கள் ஓட்டு. ஜாலான் புசார் எம்ஆர்டி-யிலிருந்து நடக்கும் தூரம், தேக்காவிலிருந்தும் அதிக தூரம் இல்லை. 31-ஆம் எண் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பால்வினை நோய்களுக்கான அரசு டிஎஸ்சி கிளினிக், மாடியில் ஆக்ஷன் ஃபார் எய்ட்ஸ் நடத்தும் பெயரில்லாச் சோதனை. 1988-ல் தொடங்கிய அமைப்பு அது. அடையாள அட்டை கேட்பதில்லை, வெளிநாட்டவருக்கான ஃபின் எண் கேட்பதில்லை, ஓர் எண்ணைக் கொடுத்து அந்த எண்ணால்தான் கூப்பிடுவார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, கொஞ்ச நேரத்தில் முடிவு. எல்லா நாளும் திறந்திருக்காது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

கீழே டிஎஸ்சி-யில் ஒரு விஷயத்தை வாய்விட்டுச் சொல்லியே ஆக வேண்டும். ‘பரிசோதனை’ என்று மட்டும் சொன்னால் சிறுநீரும் ரத்தமும்தான் எடுக்கப்படலாம். கொனோரியாவும் கிளமிடியாவும் தொண்டையிலும் ஆசனவாயிலும் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கும், சிறுநீரில் அகப்படாது. ‘ஆண்களோடு உறவு, தொண்டையிலும் பின்னாலும் ஸ்வாப் எடுங்கள்’ என்று, அதாவது பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்க, சொல்லிவிடுங்கள். ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவு 2023 ஜனவரியிலேயே போய்விட்டது. டாக்டரிடம் இதைச் சொல்லப் பயப்பட வேண்டாம். கேலாங்கில் உரிமம்பெற்ற பாலியல் தொழில் விடுதிப் பெண்களுக்கு மருத்துவச் சோதனை முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆண்களுக்கு யாரும் நாள் குறித்துக் கொடுப்பதில்லை. 3 மாதத்துக்கு ஒரு முறை என்று கைப்பேசியில் நீங்களே போட்டுவைக்க வேண்டும்.

அந்த மூடாத 3 மாதத்துக்கு மருந்து, எச்ஐவி தொற்றாமல் இருக்க முன்கூட்டியே போடும் பிரெப் மாத்திரை. டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், எம்ட்ரிசிடாபின் 200 மில்லிகிராம், இரண்டும் ஒரே மாத்திரையில். ஆண்களுக்கு 2-1-1 முறையும் உண்டு: உறவுக்கு 2 முதல் 24 மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை, அதிலிருந்து 24 மணி நேரத்தில் ஒன்று, 48-இல் இன்னொன்று. சனி இரவு 8 மணிக்கு ஆள் வருகிறார் என்றால் மாலை 6 மணிக்குள் இரண்டு, ஞாயிறு 6-க்கு ஒன்று, திங்கள் 6-க்கு ஒன்று. ஞாயிறும் ஆள் இருந்தால் தினம் ஒன்றாக நீட்டி, கடைசி உறவுக்குப் பின் இரண்டு நாள் வரை போட வேண்டும். வாரம் மூன்று நாள் தொழில் என்றால் இந்தக் கணக்கே வேண்டாம், தினமும் ஒரு மாத்திரை போடுவதுதான் பிழைக்கு இடம் கொடுக்காத வழி.

தொடங்கும் முன் ரத்தத்தில் எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் மூன்றும் பார்த்தாக வேண்டும். ஹெபடைடிஸ் பி உள்ளவர் இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் கல்லீரல் வீங்கும், அவருக்கு 2-1-1 கூடாது. எச்ஐவி ஏற்கெனவே உள்ளே இருந்து, ஈறுக் கிட் அதைத் தவறவிட்டு, அந்த ஒற்றைக் கோட்டை நம்பி பிரெப் தொடங்கினால் கிருமி மருந்துக்குப் பழகி, அதற்கு அடங்காமல் போகலாம். பிரெப் போடும் காலத்தில் ஈறுக் கிட் தப்பாக ‘இல்லை’ என்று சொல்லவும் கூடும். ஆகவே பிரெப் எடுப்பவருக்கு ரத்தச் சோதனை மட்டுமே.

பிரெப் சிபிலிஸைத் தடுக்காது, உறை தடுப்பதற்கு உதவும். உறை கிழிவதற்குப் பெரிய காரணம் எண்ணெய். தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வாசலின் எது பட்டாலும் லேட்டக்ஸ் ஒரு நிமிடத்திலேயே பலம் இழந்துவிடும். தண்ணீர் அல்லது சிலிக்கான் கலந்த லூப் என்ற வழுக்குத் திரவம்தான் வேண்டும், தாராளமாக, உறைக்கு வெளியே. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உறை போட்டால் உராய்ந்து இரண்டுமே கிழியலாம். கிழிந்துவிட்டால், பிரெப்பும் எடுக்கவில்லை என்றால், உறவுக்குப் பின் எடுக்கும் தடுப்பு மருந்தான பெப்பை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் போட வேண்டும். டிஎஸ்சி-யிலோ மருத்துவமனை அவசரப் பிரிவிலோ கேளுங்கள். விலை அதிகம், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

வொர்க் பெர்மிட்டில் இருப்பவருக்குச் சொல்லாமல் விட முடியாத ஒன்று. பெயரில்லாச் சோதனை முடிவு உங்கள் பாஸோடு, அதாவது வேலை அனுமதியோடு, சேராது. பெயர் கொடுத்துச் செய்த சோதனையில் உறுதியானால் அரசின் சுகாதாரத் துறைக்குத் தகவல் போகும், பாஸ் ரத்தாகி ஊர் திரும்ப நேரிடும். அந்தப் பயத்தில் சோதனையையே தவிர்ப்பவர்கள் உண்டு. சிகிச்சை தள்ளிப்போனால் நோய் எதிர்ப்புச் சக்தி இறங்கும், கிருமி மற்றவர்க்கும் போகும். மாத்திரை எடுத்து ரத்தத்தில் கிருமி அளவு கண்டறிய முடியாத நிலைக்கு இறங்கிவிட்டால் உறவு மூலம் அது பரவாது. இந்திய அரசு 2004 முதல் எச்ஐவி சிகிச்சைக்கான ஏஆர்டி மருந்தை இலவசமாகக் கொடுத்துவருகிறது, தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை அதில் பழைய மையம். ஊரில் இறங்கியதும் 1097-ஐ அழைத்தால் அருகில் உள்ள மையம் எது என்று கேட்டுக்கொள்ளலாம், அழைப்புக்குக் கட்டணம் இல்லை.