மூன்று மாத ஏசி மெக்கானிக் கோர்ஸ்: சில வருடம் கழித்து என் கருத்து

கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலையை விட்டுவிட்டு ஏசி வேலைக்கு வர நினைக்கும் நண்பர், "மூணு மாச கோர்ஸ் போதுமா, ஐடிஐதான் போகணுமா?" என்று கேட்டிருக்கிறார். நான் படித்தது டெல்டாவில் ஒரு தனியார் நிலையத்தின் மூன்று மாத மாலை நேரக் கோர்ஸ். அதை வைத்துத்தான் மயிலாடுதுறை, நாகை பக்கம் வேலை பார்க்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மின்சாரப் பகுதியை அருமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கம்ப்ரஸரின் மூன்று முனைகளில் காமன், ஸ்டார்ட், ரன் எது என்று மீட்டரை வைத்தே கண்டுபிடிக்கலாம்: ஸ்டார்ட்டுக்கும் ரன்னுக்கும் இடையில் ஓம் அதிகம், காமனுக்கும் ரன்னுக்கும் இடையில் குறைவு. கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்துவிட்டுத்தான் மைக்ரோஃபாரட் அளக்க வேண்டும். வெப்பநிலையை அளக்கும் சென்சார் 25 டிகிரியில் பெரும்பாலும் 5 அல்லது 10 கிலோஓம் காட்டும். அதை அளக்காமல் போர்டைக் கழற்றக் கூடாது. வோல்டேஜ் இறங்கும் கிராமத்து வீடுகளில் கம்ப்ரஸர் கிளம்பாமல் உறுமும்போது, கோளாறு கெப்பாசிட்டரிலா கரண்டிலா என்று பிரித்துப் பார்க்க அந்தப் பாடம் இன்றும் கைகொடுக்கிறது. சொல்லித்தந்தவருக்கு இதற்காக என்றும் நன்றி உண்டு.

ஆனால் வேக்கூம், அதாவது பைப்புக்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுக்கும் வேலை, அந்த விஷயத்தில் அந்த நிலையத்தை மன்னிக்க எனக்கு மனசு வரவில்லை.

பம்பை ஓட்டிக் காட்டினார்கள், எங்கள் கையில் தரவில்லை. புது ஏசி மாட்ட அவர்கள் சொல்லிக்கொடுத்த முறை இது: அவுட்டோரில் லிக்விட் வால்வைக் கால் சுற்று திற, கேஸ் பக்கத்து நட்டைக் கொஞ்சம் தளர்த்து, கேஸ் புஸ்ஸென்று வந்து காற்றைத் தள்ளட்டும், நட்டை இறுக்கு. ஆர்-22 என்ற பழைய கேஸ் காலத்துப் பழக்கம். இன்று கடைகளில் விற்கும் வீட்டு ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்-32. அது லேசாகத் தீப்பற்றும் வகை. அறைக்குள்ளோ பால்கனியிலோ அதைத் திறந்துவிடுவதே தவறு. தவிர, அது கம்பெனியில் எடை போட்டு அடைத்த கேஸ், போனது போனதுதான்.

அதைவிடப் பெரிய கேடு உள்ளே தங்கும் ஈரம். புஸ்ஸென்று விட்டால் காற்றில் ஒரு பங்கு வெளியே போகும், பைப் சுவரில் ஒட்டிய ஈரம் அப்படியே இருக்கும். ஆர்-410ஏ, ஆர்-32 கேஸ் ஓடும் கம்ப்ரஸர்களில் பெரும்பாலும் இருக்கும் பிஓஇ என்ற செயற்கை ஆயில் ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் இரண்டும் சேர்ந்து அமிலமாகி கம்ப்ரஸர் மோட்டாரின் கம்பிச் சுருளான வைண்டிங்கின் பூச்சை அரிக்கும். மிச்சக் காற்று அவுட்டோரில் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் தங்கி அழுத்தத்தையும் ஆம்பியரையும் ஏற்றும். மாட்டிய அன்று ஜில்லென்றுதான் இருக்கும். கம்ப்ரஸர் போவது பின்னால், அப்போது பழி கம்பெனி மேல் விழும். ஐப்பசி மழையில் பைப் முனையை மூடாமல் வைத்து வேலை செய்தால் கேட்கவே வேண்டாம்.

முறையாகச் செய்ய அரை நாள் ஒன்றும் ஆகாது. பைப்பை இணைக்கும் ஃப்ளேர் நட்டை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் இறுக்க வேண்டும்: கால் இன்ச்சுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர், 3/8 இன்ச்சுக்கு 34 முதல் 42. பிறகு நைட்ரஜன் ஏற்றி, கம்பெனி சொன்ன அழுத்தத்தில் நிறுத்தி, சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது. ஆக்சிஜனை அதற்கு ஒருபோதும் ஏற்றக் கூடாது, ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். நைட்ரஜனை இறக்கிவிட்டு வேக்கூம் போட்டு, 500 மைக்ரானுக்குக் (வேக்கூமை அளக்கும் அலகு, எண் குறையக் குறைய உள்ளே மிச்சம் குறைவு) கீழே இறங்கியதும் பம்பை அடைத்து பத்து நிமிடம் பார்க்க வேண்டும். அளவு நிற்காமல் ஏறினால் லீக். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் ஈரம், மறுபடி ஓட்ட வேண்டும். சாதாரண அழுத்த மீட்டரான மேனிஃபோல்ட் கேஜின் ஊசி மைனஸ் 30-ஐத் தொட்டதை நம்பக் கூடாது. 5000 மைக்ரானையும் 500 மைக்ரானையும் அந்த ஊசியால் பிரித்துக் காட்ட முடியாது. மைக்ரான் கேஜ் என்று ஒன்று இருப்பதையே நான் வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

செப்புப் பைப்பைச் சூட்டில் பற்றவைக்கும் பிரேசிங்கும் அரைகுறைதான். நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டுக்கொண்டே பற்றவைக்காவிட்டால் பைப்புக்குள் கருப்புச் செதில் படிந்து, பிறகு கேஸ் போகும் மெல்லிய குழாயான கேபிலரியை அடைக்கும். நாகை, வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் உப்புக் காற்றில் காயில் அரித்து லீக் வருவது சாதாரணம். அங்கே பிழைக்க வேண்டியவனுக்கு இது பாதிப் படிப்பு.

அரசு ஐடிஐயில் இதே தொழிற்பிரிவு 2 வருடம், 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது வரம்பு இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. குடும்பத்தோடு இருப்பவருக்கு அது காணாது. ஆனால் மண்டபத்து டக்ட் ஏசி, குளிர்பதனக் கிடங்கு என்று பெரிய இடங்களுக்குப் போக அந்தச் சான்றிதழ் வேண்டும்.

கொடுத்த ஃபீஸுக்கு மின்சாரப் பாடம் ஒன்றே தகும். அப்படியிருந்தும் நான் படித்த இடத்தில் சேருங்கள் என்று சொல்ல மாட்டேன். இரண்டு வருடம் தாக்குப்பிடிக்க முடிந்தால் ஐடிஐ. முடியாவிட்டால், ஃபீஸ் கட்டுமுன் பட்டறைக்குள் போய் வேக்கூம் பம்ப், மைக்ரான் கேஜ், ரெகுலேட்டரோடு நைட்ரஜன் சிலிண்டர், கேஸ் எடை போடும் தராசு நான்கையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஸ்பிளிட்டை நீங்களே முழுதாக மாட்டிக் கழற்ற விடுவார்களா என்று கேளுங்கள். "கேஸ் விட்டுத் தள்ளினாலே போதும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சேர்வதை மார்கழிக்குள் வைத்துக்கொண்டால் பங்குனி, சித்திரை சீசனுக்கு ஹெல்பராகப் போகலாம். எந்தக் கடையில் சேர்ந்தாலும், காலையில் கிளம்பும் வண்டியில் பம்ப் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள்.