பட்டமளிப்பு அங்கி: வாடகையா, சொந்தமா, இரவலா? முடிவு செய்வது ஹூட்

முதுகலைப் பட்டமளிப்புக்குத் தயாரானபோது எனக்கு மூன்று வழிகள் இருந்தன. பல்கலைக்கழகம் நியமித்திருக்கும் நிறுவனத்திடம் அங்கி, தொப்பி, ஹூட் (அங்கிக்கு மேல் கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கவிடும் துணி) மூன்றையும் வாடகைக்கு எடுக்கலாம். இணையத்தில் விற்கும் ரெடிமேட் செட்டை விலைக்கு வாங்கிவிடலாம். முன்பே பட்டம் வாங்கிய சீனியர் யாரிடமாவது இரவல் கேட்கலாம். நான் வாடகைக்கு எடுத்தேன். வகுப்புத் தோழர்கள் சிலர் சேர்ந்து ரெடிமேட் செட் வாங்கினார்கள். ஒருத்தி தன் அக்காவுடையதை அப்படியே மாட்டிக்கொண்டு வந்தாள். மூன்று வகையும் ஒரே வரிசையில் அடுத்தடுத்து நின்றதைப் பார்த்த பிறகும் நான் வாடகையின் பக்கம்தான். முக்கியக் காரணம் ஹூட்.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவலுக்குக் காசு கிடையாது. மற்ற இரண்டில், வாடகை எப்போதும் மலிவாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சாதாரண பாலியஸ்டர் செட்டைச் சொந்தமாக வாங்குவது சில இடங்களில் வாடகையைவிடக் குறைவாகவே வரும். "வாடகைக் காசில் சொந்தமாகவே வாங்கிவிடலாமே" என்று பலரும் அந்தப் பக்கம் சாய்வது அதனால்தான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கணக்கில் மூன்று பொருளும் ஒன்றுபோலவே எண்ணப்படுகின்றன. அங்கே தான் சிக்கல்.

அங்கி உங்கள் உடம்பைப் பொறுத்தது. உயரமும் தோள் அகலமும் சரியாக இருந்தால் கறுப்பு அங்கி யாரிடமிருந்து வந்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. தொப்பி தலையைப் பொறுத்தது. ஹூட்டோ உங்கள் உயரத்தையும் தலையையும் கணக்கில் எடுப்பதே இல்லை. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம், எந்தப் புலம் என்ற மூன்றையும் பார்த்துத்தான் அதன் துணி, நீளம், விளிம்பு, உள்பக்க நிறம் எல்லாம் முடிவாகின்றன. மேடையில் ஏறுகிறவர் என்ன படித்தார் என்பதை முதுகுப்பக்கமிருந்து சொல்லும் பொருள் அது ஒன்றுதான். அது தவறாக இருந்தால் மற்ற இரண்டும் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். 1895-இல் அங்கே கல்லூரிகள் சேர்ந்து கல்வி உடைக்கென்று ஒரு பொது விதியை வகுத்தன. பிறகு அது திருத்தப்பட்டாலும் அடிப்படை இன்றும் அதுதான். அதன்படி இளங்கலை ஹூட் 3 அடி நீளம், முதுகலைக்கு மூன்றரை அடி, முனைவர் பட்டத்துக்கு 4 அடி. விளிம்பில் வரும் வெல்வெட் பட்டை முறையே 2, 3, 5 அங்குல அகலம். வெல்வெட்டின் நிறம் பாடத்தைக் காட்டும்: கலைக்கு வெள்ளை, அறிவியலுக்குப் பொன்மஞ்சள், பொறியியலுக்கு ஆரஞ்சு, மருத்துவத்துக்குப் பச்சை, சட்டத்துக்கு ஊதா. பிஎச்.டி. என்றால் எந்தத் துறையானாலும் கருநீலம். உள்ளே மடிந்து தெரியும் பட்டு நிறம் பட்டம் தரும் நிறுவனத்துடையது.

பிரிட்டனில் இப்படி ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று நிறத்தையும் வடிவத்தையும் வைத்திருக்கிறது. சில ஹூட்களில் தோளை மூடும் கேப் இருக்கும், சிலவற்றில் இருக்காது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டிலும் பி.ஏ. ஹூட்டில் வெள்ளை ரோமம் உண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களின் ஹூட்டுக்கு ஒரே நிறம் அமைந்தாலும் துணியை வெட்டிய விதமும் வடிவமும் வேறாக இருக்கலாம். "நீல ஹூட்" என்று தேடி வாங்கினால் நீலமாக ஒன்று வரும், அவ்வளவுதான். அது உங்களுடையதா என்பது வேறு கேள்வி.

எங்கள் வகுப்பில் ரெடிமேட் வாங்கியவர்களுக்கு அதுதான் நடந்தது. விற்ற கடையின் படத்தில் நிறம் பொருத்தமாகவே இருந்தது. பார்சலைப் பிரித்தபோதும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் வேறெதுவும் இல்லை. விழா அன்று வரிசையில் நின்றபோதுதான் பக்கத்திலிருந்த வாடகை ஹூட்டின் உள்நிறம் ஆழமாகவும், இவர்களுடையது ஓர் அடுக்கு வெளுத்தும் தெரிந்தது. வெல்வெட் பட்டை இருக்க வேண்டிய இடத்தில் பளபளப்பான சாட்டின் ரிப்பன் தைத்திருந்தார்கள். யாரும் மேடையிலிருந்து இறக்கிவிடவில்லை, சான்றிதழும் முறையாகக் கைக்கு வந்தது. ஆனால் குழுப் புகைப்படத்தில் அந்த நிற வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. அந்தப் படம் ஆயுளுக்கும் இருக்கப் போகிறது. ஆண்டுக்கணக்கில் உழைத்துப் பெற்ற பட்டத்தின் அடையாளம் ஏறக்குறைய சரியாக இருந்தால் போதும் என்று என்னால் விட முடியவில்லை.

வாடகையில் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. பல்கலைக்கழகம் நியமித்த நிறுவனத்திடம் ஒவ்வொரு பட்டத்துக்குமான விவரக்குறிப்பு இருக்கும். நீங்கள் நிறத்தைச் சொல்ல வேண்டியதில்லை, பட்டத்தைச் சொன்னால் போதும். ஆனால் அந்தப் பட்டத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஆர்டர் படிவத்தில் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான்.

நீங்கள் எந்தத் துறைக் கட்டடத்தில் உட்கார்ந்து படித்தீர்கள் என்பது ஹூட்டுக்குத் தேவையில்லை. சான்றிதழில் என்ன பட்டம் அச்சாகிறது என்பதே கணக்கு. பொருளியல் படித்த ஒருவருக்கு எம்.ஏ. வரலாம், இன்னொருவருக்கு எம்.எஸ்சி. வரலாம். கணினித் துறையில் அறிவியல் பட்டமும் உண்டு, பொறியியல் பட்டமும் உண்டு. படிவத்தில் கீழே விரியும் பட்டியலில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், அவசரத்தில் பக்கத்து வரியைத் தட்டிவிட்டால் வேறொரு பட்டத்தின் ஹூட் வந்து நிற்கும். தேர்வுப் பிரிவிலிருந்து வந்த கடிதத்தையோ தற்காலிகச் சான்றிதழையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, பட்டத்தின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். விழா நடக்கும் கல்லூரி ஒன்று, பட்டம் தரும் பல்கலைக்கழகம் வேறு என்ற நிலை இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஹூட் பட்டம் தருகிறவருடையதாக இருக்க வேண்டும்.

அளவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உயரத்தை விழாவுக்குப் போடப்போகும் செருப்போடு அளந்து கொடுங்கள். அங்கியின் ஓரம் கெண்டைக்கால் நடுவில் நின்றால் அழகு. கணுக்கால் வரை இறங்கினால் மேடைப் படியில் மிதிபடும். தொப்பிக்குப் புருவத்துக்குச் சற்று மேலே, காதுக்கு மேலாக நாடாவைச் சுற்றி சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். கொண்டை போடப் போகிறீர்களா, முடியை விரித்து விடப் போகிறீர்களா என்பதை அளப்பதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். உச்சியில் கொண்டை இருந்தால் தொப்பி எந்த அளவிலும் உட்காராது. தொப்பியின் மேலுள்ள சதுரப் பலகை தரைக்கு இணையாக, ஒரு முனை நெற்றிக்கு நேராக நிற்க வேண்டும். பின்பக்கம் எலாஸ்டிக் வைத்த தொப்பியில் அளவு கொஞ்சம் முன்பின்னாக இருந்தாலும் சமாளிக்கலாம், அட்டை விறைப்பான பழைய வகையில் முடியாது.

வாடகையின் இன்னொரு பலம், அங்கி மாட்டிவிடும் அறையில் இருக்கும் ஆட்கள். ஹூட்டைத் தலைவழியாகப் போடுவது எளிது, நிற்க வைப்பதுதான் வித்தை. அதன் பாரம் முழுக்க முதுகில் இருப்பதால் நடக்க நடக்கப் பின்னுக்குச் சரியும், முன்பக்க முனை மேலேறித் தொண்டையை அழுத்தும். அதற்காகத்தான் முன்முனையில் ஒரு சின்ன நூல் வளையம் வைத்திருக்கிறார்கள், அதைச் சட்டைப் பொத்தானில் மாட்ட வேண்டும். பொத்தான் இல்லாத மேலாடை போட்டு வருகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். எனக்கு மாட்டிவிட்ட அம்மா இரண்டு பக்கத் தோளிலும் அங்கிக்கு அடியில் ஊக்கு குத்தினார். பிறகு பின்னால் போய் ஹூட்டின் ஓரத்தை விரலால் வெளிப்புறமாகப் புரட்டி, உள்நிறம் அகலமாகத் தெரியும்படி விரித்துவிட்டார். நாமே கண்ணாடி முன் நின்று அதைச் செய்ய முடியாது. சொந்தமாக வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு உள்நிறம் வெளியே தெரியவே இல்லை. ஹூட் ஒரு கறுப்புத் துணிபோலத் தொங்கியது.

வாடகையின் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரிய குறை, நேரம். பல இடங்களில் அன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும். விழாவுக்கு வர முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அங்கியோடு வீட்டுக்குப் போய் அவர்களோடு படம் எடுக்கும் வாய்ப்பு போய்விடும். இது சின்ன விஷயம் அல்ல. நிறைய பேர் சொந்தமாக வாங்குவதற்கு உண்மையான காரணமே இதுதான். சில நிறுவனங்கள் ஓரிரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன, ஆர்டர் செய்யும்போதே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஆர்டருக்கான கெடு விழாவுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும், தாமதித்தால் கூடுதல் கட்டணம், அளவில் தேர்வும் குறைந்துவிடும். பலர் போட்ட துணி என்பதால் கைப்பகுதியில் தேய்மானம், மக்கிய வாடை எல்லாம் இருக்கலாம். என்னுடையது சுத்தமாக இருந்தது. எல்லோருடையதும் அப்படியே இருக்கும் என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

இரவலைப் பற்றிக் குறைவாகவே சொல்ல முடிகிறது, ஏனென்றால் நான் பார்த்த ஒரே உதாரணம் அந்தத் தோழிதான், அவளுக்கு எல்லாமே கூடி வந்தது. அக்கா அதே பல்கலைக்கழகம், அதே பட்டம், உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. அப்படி அமைந்தால் மூன்றில் அதுவே சிறந்தது, வாடகையை நினைக்கவே வேண்டாம். பட்டம் ஒன்றாகவும் உயரம் வேறாகவும் இருந்தால் ஹூட்டை மட்டும் இரவல் வாங்குங்கள், அது யாருக்கும் பொருந்தும். பட்டம் வேறு என்றால் அங்கியை மட்டும் இரவல் வாங்கலாம். அதிலும் கையைப் பாருங்கள்: அமெரிக்க முறையில் இளங்கலை அங்கியின் கை கூராக முடியும், முதுகலையில் மணிக்கட்டருகே திறப்பு வைத்துக் கீழே நீளமாகத் தொங்கும், முனைவர் அங்கியில் மணிபோல விரிந்து மூன்று வெல்வெட் பட்டைகள் இருக்கும். இளங்கலை அங்கியை வைத்து முதுகலையைச் சமாளிக்கப் பார்த்தால் கை காட்டிக்கொடுத்துவிடும். பல்கலைக்கழகம் சமீபத்தில் உடையை மாற்றியிருக்கிறதா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதே சரி என்று நான் சொல்லும் ஒரே ஆள், முனைவர் பட்டம் முடித்துக் கற்பிக்கப் போகிறவர். பேராசிரியர் ஊர்வலத்தில் ஆண்டுதோறும் அதைப் போட வேண்டிவரும், ஒவ்வொரு முறையும் வாடகை கொடுப்பதில் அர்த்தமில்லை. அவரும் முதலில் ஹூட்டை நல்ல இடத்தில் செய்துகொள்ளட்டும், அங்கி பிறகு வரலாம். அங்கி தேய்ந்தால் வேறு மாற்றிக்கொள்ளலாம், பட்டத்தின் ஹூட் ஓய்வு பெறும்வரை அதேதான். வாங்கும் முன் பல்கலைக்கழகத்தின் உடை விதியை எழுத்தில் கேட்டு வாங்கி, வெல்வெட்டின் அகலம் முதல் உள்நிறம் வரை ஒவ்வொன்றையும் தயாரிப்பாளரிடம் உறுதி செய்ய வேண்டும். திரையில் தெரியும் நிறத்தை நம்பாமல் துணி மாதிரி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் ஹூட் வாங்க வேண்டாம்.

பராமரிப்பும் அப்போது உங்கள் தலையில். பாலியஸ்டர் அங்கி சூடான இஸ்திரிப் பெட்டியில் பளபளத்துவிடும் அல்லது உருகும். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மேலே ஒரு துணி போட்டு, குறைந்த சூட்டில் தேய்க்க வேண்டும். குளியலறையில் வெந்நீர் ஆவியில் தொங்கவிட்டாலே பாதிச் சுருக்கம் போய்விடும். வெல்வெட் மேல் இஸ்திரி படவே கூடாது, அதன் மயிர் படிந்தால் மறுபடி எழாது. ஹூட்டை மடித்து வைக்காமல் அகலமான தோள் உள்ள ஹேங்கரில் தொங்கவிடுங்கள். கம்பளி அங்கியும் நிஜப் பட்டும் வைத்திருந்தால் பூச்சிக்கும் வெளிச்சத்துக்கும் காவல் தேவைப்படும். நான் பாலியஸ்டரை மட்டுமே போட்டவன் என்பதால் கம்பளி பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை.

ஒருமுறை போட்டபின் விற்றுவிடலாம் என்று கணக்குப் போட்டு வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அங்கியும் தொப்பியும் அடுத்த ஆண்டு யாராவது வாங்கிக்கொள்வார்கள். ஹூட்டுக்கு உங்கள் பட்டத்தையே வாங்கப்போகும் ஒருவர் கிடைக்க வேண்டும், அதுவும் சரியான ஹூட்டாக இருந்தால்தான். எங்கள் வகுப்புத் தோழர்களின் அங்கிகள் ஜூனியர்களிடம் போய்விட்டன. சாட்டின் விளிம்பு ஹூட்களைக் கேட்டு இதுவரை யாரும் வரவில்லை.