வேலையோடு படிப்பவர்களுக்கு என்பிடெல்: ஒரு மதிப்பீடு

ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து தொடங்கிய என்பிடெல் இணையப் படிப்புகளில், முழுநேர வேலையில் இருப்பவர்களுக்குப் பெரிதும் கைகொடுப்பது பாடங்களின் தரத்தைவிட மதிப்பெண் போடும் முறைதான் என்பேன். 12 வாரப் படிப்பில் வாராந்தர ஒப்படைப்புகளுள் சிறந்த 8 மட்டுமே 25 மதிப்பெண்ணுக்குக் கணக்கில் கொள்ளப்படுவதால், அலுவலகக் கெடு கழுத்தை நெரித்து, இரவு பதினொரு மணிக்குத்தான் மடிக்கணினியை மூட முடிகிற வாரத்தில், ஒப்படைப்பை ஒதுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். காணொளிகளைப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம். சமன்பாடுகளை வருவித்துக் காட்டும் பாடங்களுக்கு அது சரிப்படாது. சேர்வதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் பணம் கட்டி, தேர்வு மையத்திற்கு நேரில் சென்று மீதி 75 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டும். அத்தேர்வு பெரும்பாலும் வாரயிறுதியில் வருவதால் ஓய்வு நாளொன்று பறிபோவது உண்மைதான்.

பணிச்சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் நோயாக அன்றி, முறையாகக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. அவ்வழுத்தத்தை எந்தப் படிப்பும் தணிக்காது. ஆகவே ஏற்கெனவே களைத்திருப்பவர்கள் ஒரு பருவத்தில் ஒரே பாடத்தை, அதுவும் 4 அல்லது 8 வாரப் பாடத்தை எடுப்பதே நல்லது.