பிஞ்சு விரலுக்கு உடனே வைத்தியம்: காரைக்குடி குழந்தைகள் கிளினிக்

என் மகளுக்கு நாலு மாதம். போன வாரம் சாயங்காலம் அழ ஆரம்பித்தவள், பால் கொடுத்தும் நிறுத்தவில்லை. வயிற்றுவலி என்றுதான் நினைத்தோம். அப்பத்தாதான் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தார்கள். வலது காலில் நடுவிரல் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. பக்கத்தில் முதலில் காட்டிய இடத்தில் பூச்சிக்கடி என்று களிம்பு தந்தார்கள். மனசு ஒப்பவில்லை, காரைக்குடிக்குக் கிளம்பிவிட்டோம்.

நல்ல கூட்டம். ஆனாலும் விரலைப் பார்த்த நர்ஸ், டோக்கன்கூடக் கேட்காமல் உள்ளே அனுப்பினார். டாக்டரம்மா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, விரலடியில் ஒரு பள்ளத்தைக் காட்டினார். முடி! என் தலைமுடி விரலைச் சுற்றியிருந்தது. பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. ஈரத்தில் நீளும் முடி காய்ந்ததும் சுருங்கி இறுக்குமாம். வீங்க வீங்கத் தோலுக்குள் புதைந்து ரத்தவோட்டத்தை அடைக்கும், கவனிக்காமல் விட்டால் விரலே போய்விடலாம் என்றார்.

தோல் கிழியாததால் முடி நீக்கும் கிரீமைப் பூசி, 10 நிமிடம் விட்டுக் கழுவினார். பருத்தி நூல் சுற்றியிருந்தால் அதில் கரையாதாம். மிச்சமிருந்த ஒரு சுற்றை மெல்லிய கத்தரியால் வெட்டி எடுத்தார். அப்புறமும் விடவில்லை. நிறம் திரும்பும்வரை எங்களை உட்கார வைத்து, மறுநாளும் வரச்சொல்லிப் பார்த்தார்.

பாலூட்ட ஒரு மறைவிடம் இல்லை, அதை மட்டும் செய்து தரவேண்டும். மற்றபடி, கைக்குழந்தை உள்ள யாருக்கும் இந்த இடத்தைத் தயங்காமல் சொல்வேன்.