புதுச்சேரியில் தங்க: கடலோரமா, வாய்க்காலுக்கு மேற்கேயா?

புதுச்சேரியின் பழைய நகரத்தைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. நடந்தால் சில நிமிட தூரம்தான், ஆனால் தங்கும் அனுபவம் வேறு.

பிரெஞ்சுப் பகுதியின் பெரிய பலம் கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்குமேல் அங்கே வண்டிகளை விடுவதில்லை. விடிகாலையில் அறையிலிருந்து இறங்கி அப்படியே நடக்கலாம். குளிக்க ஆசைப்பட வேண்டாம், கரையில் பெரும்பாலும் கருங்கல் கொட்டியிருக்கிறது. வாடகையும் இங்கே கூடுதல்.

என் மனம் மேற்குப் பக்கம்தான் போகிறது. வைசியாள் வீதியில் நின்று ஒரு பழைய வீட்டை நிமிர்ந்து பாருங்கள். கீழே திண்ணையும் மரத்தூண் தாங்கிய தாழ்வாரமும் நம் ஊர்க் கட்டு. மாடியில் வளைவு வைத்த ஜன்னல்கள் பிரெஞ்சுக் கைவண்ணம். இப்படி இரண்டும் ஒரே சுவரில் சேர்ந்திருப்பதை வேறெங்கே பார்க்க முடியும்? சில வீடுகள் இப்போது விடுதிகள். முற்றத்தைச் சுற்றி அறைகள். மழை பெய்தால் நடுவில் விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம். பெரிய மார்க்கெட்டும் பக்கம். சத்தம் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

வயதானவர்களோடு வந்தால், சரி, கடலோரமே எடுங்கள். இரண்டு இரவுக்குமேல் தங்குவதானால் மேற்கே முற்றம் வைத்த வீடாகத் தேடுங்கள். அறையின் ஜன்னல் தெருவைப் பார்க்கிறதா, முற்றத்தைப் பார்க்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.