அதே 2,500 டாலர்: ஒக்லஹோமாவில் உரிமம், இல்லினாயில் விண்ணப்பம்

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தில் 2,500 டாலர் கட்டினால் கஞ்சாக் கடை வைக்கவோ பயிரிடவோ ஓராண்டுக்கு உரிமம் கிடைத்தது. இன்னொரு மாநிலமான இல்லினாயில் அதே 2,500 டாலருக்குக் கடை கேட்டு ஒரு விண்ணப்பம்தான் போட முடிந்தது. அதுவும், போதைப்பொருள் கைதுகளால் பாதிக்கப்பட்ட பகுதியினர் போன்ற ‘சமூகநீதி’ப் பிரிவினருக்கான சலுகைக் கட்டணம். மற்றவர்களுக்கு 5,000. கடை கிடைக்காவிட்டால் பணம் போனது போனதுதான்.

அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா குற்றம் என்பதால், ஒரு மாநிலத்தில் விளைந்ததை இன்னொரு மாநிலத்தில் விற்க முடியாது. தன் எல்லைக்குள்ளேயே விதைத்து, அங்கேயே விற்றுத் தீர்க்க வேண்டும். ஆகவே எத்தனை பேருக்கு உரிமம் கொடுப்பது என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

ஒக்லஹோமா மக்கள் 2018 ஜூன் 26 அன்று கஞ்சாவை அனுமதிக்கும் பொதுவாக்கெடுப்பான 788-ஆம் மாநில வினாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். மருத்துவப் பயன்பாடு மட்டும் என்று பெயர். ஆனால் எந்தெந்த நோய்க்கு என்று சட்டத்தில் பட்டியலே கிடையாது. மருத்துவர் கையெழுத்துப் போட்டால் போதும். சில ஆண்டுகளில் மாநிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் ‘நோயாளி’ அட்டை வைத்திருந்தார். உரிமங்களுக்கும் உச்சவரம்பு இல்லை. உச்சத்தில் 9,000-க்கும் மேற்பட்ட சாகுபடி உரிமங்கள், 2,000-க்கும் மேற்பட்ட கடைகள். நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவைவிட, நாற்பது லட்சம் பேர் வாழும் இந்த மாநிலத்தில் கடைகள் அதிகம்!

நிலம் மலிவு, கட்டணம் மலிவு. வெளியூர்ப் பணம் வந்து குவிந்தது. உரிமையில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களிடம் இருக்க வேண்டும் என்ற விதிக்கு என்ன நடந்திருக்கும் என்று நமக்கா சொல்லித்தர வேண்டும்? பினாமிதான். அங்கே ‘பேய் முதலாளிகள்’ என்கிறார்கள். உள்ளூரில் தின்று தீர்க்க முடியாத விளைச்சல் வேறு மாநிலங்களின் கள்ளச் சந்தைக்குப் போனது. 2022 ஆகஸ்ட் இறுதியில் புதிய உரிமங்களை அரசு நிறுத்தியது. அந்த நவம்பரில் ஹென்னெஸ்ஸி ஊருக்கருகே ஒரு கஞ்சாப் பண்ணையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பொழுதுபோக்குப் பயன்பாட்டையும் அனுமதிக்கலாமா என்று 2023 மார்ச்சில் கேட்டபோது, சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

சரி, இல்லினாய் கவனமாகத்தானே செய்தது? காகிதத்தில் பார்த்தால் அழகான சட்டம். ஆளுநர் ஜே.பி. பிரிட்ஸ்கர் 2019 ஜூனில் கையெழுத்திட்டார்; 2020 ஜனவரி 1 முதல், 21 வயது நிரம்பிய யாரும் வாங்கலாம். போதைப்பொருள் கைதுகளால் நொறுங்கிப்போன பகுதியினருக்கு முன்னுரிமை என்று வாக்குறுதியும் இருந்தது. ஆனால் முதல் நாளில் கடை திறந்தவர்கள், முன்பே மருத்துவக் கஞ்சா விற்றுவந்தவர்கள். அவர்களுக்கு இரண்டாவது கடைக்கும் அனுமதி. புதியவர்களுக்கான 75 உரிமங்களை 2020 மே மாதமே கொடுத்திருக்க வேண்டும். கொரோனாவால் தள்ளிப்போனது. செப்டம்பரில் பார்த்தால், உரிமம் யாருக்கு என்று முடிவு செய்யும் குலுக்கலுக்குத் தகுதி பெற்றவர்கள் வெறும் 21 விண்ணப்பதாரர்கள். விண்ணப்பத்துக்கு முழு மதிப்பெண் எடுத்தவர்களுக்குத்தான் இடம். முன்னாள் ராணுவத்தினர் பங்குதாரராக இல்லாவிட்டால் முழு மதிப்பெண் கிடையாது. அப்புறம் வழக்குகள். சட்டத்தைத் திருத்தி 2021-இல் கூடுதல் குலுக்கல், அதற்கும் நீதிமன்றத் தடை. முதல் சமூகநீதிக் கடை திறந்தது 2022 நவம்பரில்.

கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள். அதற்குள் பழைய நிறுவனங்கள் சந்தையை வளைத்துக்கொண்டன. காத்திருந்த காலத்தில் கடைக்காகப் பிடித்துவைத்த கட்டடத்துக்கு வாடகை கட்டியே சேமிப்பைக் கரைத்தவர்கள் உண்டு.

அரசுக்கு மட்டும் குறையில்லை. 2021-இல் பொழுதுபோக்குக் கஞ்சா விற்பனை சுமார் 138 கோடி டாலர். அந்த ஆண்டின் முதல் காலாண்டிலேயே கஞ்சா வரி மதுவரியை முந்தியது. கடைகளும் தோட்டங்களும் குறைவு, வரி அதிகம் என்றால் விலை எப்படி இறங்கும்?

கையில் கொஞ்சம் பணத்தோடு தொழிலுக்கு வருபவர் கேட்டால், 2018-இன் ஒக்லஹோமாதான் நல்லது என்பேன். அவர் அங்கே தோற்றது சந்தையில். இல்லினாயில் தோற்றவர் சந்தையையே பார்க்கவில்லை. ஆனால் உரிமம் கொடுத்த வேகத்தில் பாதியாவது ஆய்வாளர்களை நியமித்திருந்தால், ஒக்லஹோமா பின்னால் பண்ணைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மூடியிருக்க வேண்டாம். இல்லினாய் செய்ததை எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்னால் நின்றவர்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பின்னால் நின்றவர்களுக்கு நீதி பற்றிப் பேசியது அது.

வாங்குபவர்களோ சட்டம் பார்த்து நிற்கவில்லை. இல்லினாயின் சிகாகோவிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் மிச்சிகன் மாநிலத்தின் நியூ பஃபலோ. அங்கே உரிமம் தாராளம், விலையும் மலிவு. எல்லை தாண்டிக் கொண்டுவருவது குற்றம் என்றாலும், அந்தக் கடைகளின் வாசலில் இல்லினாய் எண்பலகையோடு கார்கள் வரிசையாக நிற்கின்றன.